மாந்தளையில் சில்லென்று வீசிய கூலர் ரங்கூனில் ஏன் புழுங்க வைக்கிறது?

கேள்வி: தாம்வே வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் ரங்கூனில் தாம்வே பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறேன். தலைக்கு மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே மெல்லிய பலகைத் தட்டு, அவ்வளவுதான். மார்ச் மாதக் கடைசியில் மாந்தளையில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில் அடித்துக்கொண்டிருக்க, அவர் வீட்டுக் கூடத்தில் சன்னலோரமாக வைத்திருந்த தண்ணீர் ஊற்றும் கூலர், மதியம் 2 மணிக்கு என்னைப் போர்வை தேட வைத்தது. அதே கம்பெனி, அதே அளவுக் கூலர் ஒன்றை ரங்கூனுக்கு வந்ததும் வாங்கினேன்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு காற்று வீசுகிறதே தவிர, உடம்பில் வியர்வை காய்வதில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் சிமெண்டுத் தரையில் கால் ஒட்டுகிறது, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர்த் தாள் சுருண்டுகொள்கிறது, சாமி மாடத்தில் இருக்கும் தீப்பெட்டியில் நாலு குச்சி கிழித்தால் ஒன்று பற்றுகிறது. அம்மாவுக்கு 72 வயது. கூலர் ஓடும்போது மூச்சு முட்டுகிறது என்று வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

வாங்கிய கடையில் கேட்டதற்குத் தொட்டியில் ஐஸ் போடச் சொன்னார்கள். ஏசி அறையைப் போலக் கதவு சன்னல் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்கிறான் என் மகன். அடைத்தோம், ஐஸும் போட்டோம், பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில் ஏசி வாங்கி என்ன செய்வது என்றுதான் இதை வாங்கினேன். இயந்திரத்தில் கோளாறா, அல்லது நான் பயன்படுத்தும் விதத்தில் கோளாறா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மெய்க்டிலா மெக்கானிக்

தம்பி, வணக்கம். கூலரும் ஏசியும் பழுது பார்த்தே என் தலை நரைத்தது. உங்கள் கேள்வியைப் போல ஆண்டுக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள், அதில் பெரும்பாலோர் ரங்கூன்காரர்கள். உங்கள் இயந்திரத்தில் கோளாறு இல்லை. கதவை அடைத்தது தவறு. ஆனால் அதைத் திருத்தினாலும் மாந்தளைக் குளிர்ச்சி உங்களுக்குக் கிடைக்காது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கூலருக்குள் குளிரை உண்டாக்கும் பொருள் எதுவும் இல்லை. ஒரு விசிறி, ஒரு சிறிய பம்பு, நனைந்த அட்டை அல்லது நார்த் தட்டி, இவ்வளவுதான். வெளிக்காற்று அந்த நனைந்த தட்டி வழியாக நுழையும்போது தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. நம் பக்கத்து முறையில் கணக்குச் சொன்னால், லிட்டருக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் காற்றை விட்டுப் போகிறது. பம்பும் விசிறியும் சேர்ந்து இழுக்கும் மின்சாரமோ, வீட்டுக் கூலர்களில் பெரும்பாலும் 100 முதல் 200 வாட் வரைதான். இந்த மலிவுதான் கூலரின் அழகு.

ஆனால் தண்ணீர் ஆவியாவது காற்றின் விருப்பத்தைப் பொறுத்தது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் மேற்கொண்டு வாங்கிக்கொள்ள அதற்கு இடமிருக்காது. ஆகவே கூலர் எவ்வளவு குளிர்விக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிக் காற்றில் பிடித்தால் அது எந்த அளவில் போய் நிற்குமோ அதுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த வகைக் கூலர் அந்த எல்லைக்குக் கீழே காற்றைக் கொண்டுபோகாது. நல்ல தேன்கூட்டு அட்டை போட்ட கூலர், சாதாரண வெப்பநிலைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஐந்தில் நாலு பங்கைக் கடக்கும். நார் இறுகிப் போன பழைய தட்டி பாதித் தூரத்தைக் கடந்தாலே பெரிது.

இப்போது இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மாந்தளையில் மார்ச் மதியம் 38 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை 23 டிகிரியை ஒட்டி வரும். இடைவெளி 15 டிகிரி. அதில் ஐந்தில் நாலு பங்கு 12. கூலரிலிருந்து வெளிவரும் காற்று 26 டிகிரி. உங்கள் மைத்துனர் வீட்டில் நீங்கள் போர்வை தேடியதில் வியப்பே இல்லை. ரங்கூனில் ஏப்ரல் மதியம் 36 டிகிரியும் 50 சதவீதமும் என்று கொண்டால், ஈரக்குமிழ் 27.5 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இடைவெளி எட்டரைதான். வெளிவரும் காற்று 29 டிகிரி. அதுவும் ஏறக்குறைய 90 சதவீத ஈரத்தோடு வருகிறது. மழைக்காலத்தில் 30 டிகிரியும் 88 சதவீதமும் இருக்கும்போது அதே கூலர் ஒன்றரை டிகிரியைக்கூடக் குறைக்காது. அப்போது நீங்கள் ஓட்டுவது தண்ணீர் குடிக்கும் ஒரு மின்விசிறி.

வெயில் ரங்கூனைவிட மாந்தளையில்தான் கடுமை. ஆனாலும் கூலர் அங்கேதான் குளிர்விக்கிறது. கேட்பவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை ரக்கைன் மலைத்தொடர் மேற்கே தடுத்துவிடுவதால் மாந்தளை, மெய்க்டிலா, மாக்வே, பகான் எல்லாம் மழை மறைவுப் பகுதியில் அமைந்துவிட்டன. மாக்வே வட்டாரத்துச் சாவுக் என்ற ஊரில் 2024 ஏப்ரல் 28 அன்று 48.2 டிகிரி பதிவானது பலருக்கு நினைவிருக்கும். காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால்தான் அங்கே வெயில் அவ்வளவு ஏறுகிறது. அதே வறட்சிதான் கூலருக்குத் தீனி. ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் திஞ்சான் பண்டிகையில் நனைந்த சட்டையோடு லாரியின் பின்புறம் நின்று போனவர்களைக் கேளுங்கள். மாந்தளையில் பல் கிட்டித்து நடுங்குவார்கள். ரங்கூனில் நனைந்த சட்டை மாலைவரை நனைந்தே இருக்கும், நடுக்கம் அவ்வளவாக வராது.

அடுத்தது கதவு. கூலர் ஓடும் அறையை அடைப்பதைப் போலத் தீங்கு வேறில்லை. உங்கள் அறை பன்னிரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 41 கன மீட்டர். 36 டிகிரியில் 50 சதவீத ஈரத்தோடு இருக்கும் அந்தக் காற்று 29 டிகிரிக்குக் குளிர்ந்து முற்றிலும் நிறைவதற்கு இன்னும் எவ்வளவு நீர் தேவை தெரியுமா? ஏறத்தாழ 330 கிராம். ஒன்றரை டம்ளர்! அதைக் கூலர் ஐந்து பத்து நிமிடத்தில் உள்ளே தள்ளிவிடும். முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஈரமான காற்றையே திரும்பத் திரும்ப ஈரத்தட்டி வழியாகச் சுற்ற விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கூலரின் முதுகு சன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். அதாவது அது இழுப்பது வெளிக்காற்றாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரம் கன அடி காற்றுத் தள்ளும் கூலருக்கு ஒன்று முதல் இரண்டு சதுர அடித் திறப்பு என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. உங்கள் மைத்துனர் வீட்டில் பின்கட்டுக் கதவு திறந்திருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2: மோல்மேன் அத்தை

எனக்கு இயந்திரம் தெரியாது, பானை தெரியும். மெக்கானிக் ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்த இரண்டு மண்பானைகள் நினைவுக்கு வந்தன. தெருவோரத்தில் வழிப்போக்கர்களுக்காகப் பர்மியர்கள் யே ஓ சின் என்று தண்ணீர்ப் பானைகளை நிழலில் வைத்திருப்பார்கள் அல்லவா, நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலைப் போல. அதைப் பார்த்து என் தாயார் வைத்தவை அவை. பிப்ரவரி மாதத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் கூசும். ஜூலை மாதத்தில் அதே பானை, அதே மணல் மெத்தை, அதே நிழல். தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே இருக்கும். பானையின் வெளிப்புறம் பாசி பிடித்து வழவழவென்று ஆகிவிடும். பானையின் நுண்துளைகள் பாசியால் அடைபட்டதால்தான் தண்ணீர் குளிரவில்லை என்று நாங்கள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். கழுவியும் குளிராது. வெளிக்காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ள மறுத்தால் பானை என்ன செய்யும் என்பது இன்றைக்குத்தான் விளங்குகிறது.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மாந்தளையில் சராசரி ஆயிரத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே பானை எங்கே குளிருமோ அங்கேதான் கூலரும் குளிரும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது சரிதானா என்று ஐயா சொல்ல வேண்டும். கூலர் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு புதுப் பானை வாங்கி, இரவு முழுவதும் ஆற விட்ட தண்ணீரை ஊற்றி, மறுநாள் மதியம் கைவிட்டுப் பார்த்தால் பெரிய செலவு மிச்சமாகும்.

இன்னொரு செய்தி. நம் பெரியவர்கள் கோடையில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அதைப் பார்த்தது புதுக்கோட்டைப் பக்கத்தில். கப்பல் ஏறி இங்கே வந்த பிறகு அவர் ஒருநாளும் அந்தத் தட்டியைக் கட்டவில்லையாம். வெட்டிவேர் கிடைக்காததால் என்று நினைத்திருந்தேன்.

மறுமொழி 3: தாம்வே வாசி

ஐயாவுக்கும் அத்தைக்கும் நன்றி. நான் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவன் என்பதால், ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வாங்கி வந்தேன். முதலில் இரண்டையும் ஒரே டம்ளர்த் தண்ணீரில் வைத்து ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு ஒன்றின் குமிழில் அப்பாவின் பழைய மல் வேட்டியிலிருந்து கிழித்த துணியைச் சுற்றி நூலால் கட்டி, துணியின் வாலை ஒரு மருந்துக் குப்பித் தண்ணீரில் தொங்கவிட்டேன். இரண்டையும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, பால்கனி நிழலில் மேசை விசிறிக்கு முன்னால் வைத்தேன். ஈரத்துணி கட்டிய வெப்பமானி கண்ணெதிரே இறங்கி ஓரிடத்தில் நின்றதைப் பார்த்து என் மகன் தானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டான்.

நேற்று மதியம் 3 மணிக்கு வெளியே உலர்ந்தது 36, ஈரம் 27.5. இரவு 10 மணிக்கு 30, 27. விடியற்காலை 5 மணிக்கு 26.5, 25.5. அதாவது கூலருக்குக் கிடைக்கும் இடைவெளி மதியம் எட்டரை, இரவு மூன்று, விடியற்காலை ஒன்று. நான் இதுவரை கூலரை அதிகமாக ஓட்டியது இரவு தூங்கப் போகும்போதுதான்!

அதன் பிறகு பழைய முறையிலேயே அறையை அடைத்துக் கூலரை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். மதியம்தான், உள்ளே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அறைக்குள் 31, ஈரம் 29.5. வெப்பம் ஐந்து டிகிரி குறைந்திருக்கிறதே என்று மகன் வாதிட்டான். அம்மா மட்டும் வாசற்படியை விட்டு எழுந்து வரவில்லை. இன்றைக்குக் கூலரைச் சன்னல் விளிம்புக்கு நகர்த்தி, எதிர்க் கதவைத் திறந்துவிட்டு ஓட்டினேன். அறைக்குள் 32, ஈரம் 28. வெப்பமானியின்படி நேற்றைவிட ஒரு டிகிரி சூடு. ஆனால் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 4: மெய்க்டிலா மெக்கானிக்

அம்மா செய்ததுதான் சரியான அளவீடு. நம் உடம்பும் ஒரு கூலர்தான். தோல்தான் அதன் தட்டி. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அந்த அளவை நெருங்கும்போது உடம்பு தன் சூட்டை வெளியேற்ற வியர்வை ஆவியாவதைத் தவிர வேறு வழி அதிகமில்லை. அறைக்குள் 31 டிகிரி இருந்தாலும் காற்று நீராவியால் நிறைந்திருந்தால் வியர்வை தோலிலிருந்து எழும்பாமல் வழிந்து ஓடிவிடும். வழிந்த வியர்வை குளிர்விக்காது. ஆகவே உலர்ந்த வெப்பமானி ஒரு டிகிரி கூடினாலும், ஈர வெப்பமானி ஒன்றரை டிகிரி குறைந்ததை வயதானவர்களின் உடம்பு உடனே கண்டுகொள்ளும். ஈரக்குமிழ் வெப்பநிலையே 35 டிகிரிக்கு ஏறிவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது கோட்பாட்டு அளவிலான எல்லை. முதியவர்களுக்கு அதைவிட வெகு கீழேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அடைத்த அறையில் கூலர் ஓட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

உங்கள் எண்களில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி உண்டு. பகலும் இரவும் சேர்ந்து உலர்ந்த அளவு 36 முதல் 26.5 வரை ஆடியிருக்கிறது. ஈர அளவோ 27.5 முதல் 25.5 வரைதான். காற்றில் உள்ள நீராவி நாள் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. சூடு ஏறும்போது அதே காற்றுக்கு இன்னும் நீர் கொள்ளும் தாகம் கூடுகிறது, அவ்வளவுதான். வானிலை அறிக்கையில் காலையில் சொல்லும் ஈரப்பத சதவீதத்தைப் பார்த்துவிட்டுக் கூலரைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். ரங்கூனில் கூலருக்கு நேரம் காலை 11 மணி முதல் மாலை 5 மணி வரை. பிப்ரவரியில் 33 டிகிரியும் 42 சதவீதமும் உள்ள மதியம் ஒன்றில் இடைவெளி ஏறத்தாழ 10 டிகிரி வரை வரும்; அப்போது கூலர் மிக நன்றாக வேலை செய்யும். யாரும் அதைத் தேடாத மாதம் அது என்பது வேறு விஷயம்.

அடைத்த அறையில் ஈர அளவு வெளியே இருந்த 27.5-ஐவிட உயர்ந்து 29.5 ஆனதையும் கவனியுங்கள். தண்ணீர் ஆவியாவதால் மட்டும் ஈரக்குமிழ் ஏறாது. கூரையிலிருந்து இறங்கும் சூடு, மூன்று பேரின் உடம்புச் சூடு, அவர்கள் வியர்வை, கூலரின் மோட்டார் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியதற்கு அந்த இரண்டு டிகிரிதான் சாட்சி.

ஐஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து கிலோ ஐஸ் உருகி, பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை அது இழுக்கும் மொத்த வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுக்கும் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவு. ஒரு டன் ஏசி என்று சொல்கிறோமே, அந்த டன் என்ற பெயரே ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பத்தைக் குறித்து வந்ததுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் ஐந்து கிலோ ஐஸ் செய்வது ஒரு டன் ஏசியின் பத்து நிமிட வேலை. ஐஸை விற்பவருக்கு லாபம்.

கூலரையும் ஏசியையும் ஒரே அறையில் சேர்த்து ஓட்டுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். கூலர் காற்றில் ஏற்றுகிற ஒவ்வொரு லிட்டர் நீரையும் ஏசி மறுபடி நீராக்கிக் குழாய் வழியாக வடிக்க வேண்டும். கூலர் மிச்சப்படுத்தியதாக நினைத்த அதே முக்கால் யூனிட் வெப்பத்தை ஏசி திரும்பச் சுமக்கும். எருமையை முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் இழுப்பதைப் போன்றது அது.

மோல்மேன் அம்மா சொன்ன பானைச் சோதனை சரியானதே. பானைத் தண்ணீரும் ஈரக்குமிழ் அளவை நோக்கித்தான் இறங்குகிறது. நிழலிலும் காற்றோட்டத்திலும் வைத்தால் அதை நெருங்கும். உங்கள் பாட்டி வெட்டிவேர்த் தட்டி கட்டாமல் விட்டதில் அனுபவம் பேசியிருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். கூலரை நிறுத்தப் போகிற நேரத்தில் பம்பை மட்டும் நிறுத்திவிட்டு விசிறியைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள், தட்டி உலரும், நாற்றம் வராது. தொட்டியில் தண்ணீரை வாரக்கணக்கில் தேங்க விட்டால் டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும். ரங்கூனில் மழை தொடங்கியதும் தொட்டியைக் காலி செய்து, கழுவித் துடைத்து, கூலரை மூடி வைத்துவிடுவதே நல்லது. எங்கள் பக்கத்தில் வேறு தொல்லை: கிணற்றுத் தண்ணீரின் உப்பு தட்டியில் வெள்ளையாகப் படிந்து ஒரே கோடையில் அட்டையைக் கல்லாக்கிவிடும்.

மறுமொழி 5: பெகு கூரைக்காரர்

நான் கூரை வேலை செய்பவன். கேட்டவர் தகரக் கூரைக்குக் கீழே இருப்பதாக எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். மதியம் 1 மணிக்கு வெறும் தகரத்தில் கை வைக்க முடியாது. 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு பலகைத் தட்டு வழியாக இரவு வரை உங்கள் தலைமேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கூலரை அறைக்குள் ஓட்டி அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, தண்ணீரைக் கூரைமேல் ஆவியாக்குவது மேல்.

காற்றில் ஈரம் இருக்கும்போது அது மட்டும் எப்படி ஆவியாகும் என்று கேட்பீர்கள். ஆவியாகும் வேகம் நனைந்த பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கூலர்த் தட்டி காற்றைவிடக் குளிர்ந்தது. தகரம் காற்றைவிட வெகு சூடு. ஆகவே ரங்கூன் காற்றிலும் சூடான தகரத்தின் மேல் ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே புகையாகக் கிளம்பும். அந்த ஈரம் வெளியே போய்விடும், உங்கள் அறைக்குள் வராது. பழைய சாக்குகளைக் கூரைமேல் பரப்பிக் கயிற்றால் கட்டி, 11 மணிக்கும் 2 மணிக்கும் நனைத்துவிட்டால் போதும். சாக்கு இல்லாமல் ஊற்றினால் தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் விழும், சண்டை வரும்.

தண்ணீர் நிறையச் செலவாகும் என்பதை மறைக்கவில்லை. கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஆகையால் முழுக் கூரைக்கும் வேண்டாம். படுக்கும் அறைக்கு மேலே மட்டும் போதும். சாக்கு எப்போதும் ஈரமாகவே கிடந்தால் தகரம் துருப்பிடிக்கும், மாலையில் உலர வேண்டும். மழை தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். செலவு செய்ய முடிந்தவர்கள் கூரைக்கு வெள்ளை வண்ணம் அடிப்பது இதைவிட நிம்மதியான வேலை.

மறுமொழி 6: தாம்வே வாசி

மூன்று நாளாகப் பார்த்தபின் எழுதுகிறேன். படுக்கை அறைக்கு மேலே எட்டுச் சாக்கு கட்டியிருக்கிறோம். குளிக்கும் தண்ணீரையும் துணி அலசும் தண்ணீரையும் வாளியில் பிடித்து மகன் மேலே கொண்டுபோய் ஊற்றுகிறான். பலகைத் தட்டின் அடிப்பக்கத்தில் வெப்பமானியை ஒட்டி வைத்துப் பார்த்ததில், மதியம் 2 மணிக்குச் சாக்கு இல்லாத கூடத்தில் 43, சாக்கு கட்டிய அறையில் 36. கூலரைச் சன்னல் விளிம்பில் வைத்துப் பகல் 11 மணி முதல் 5 மணி வரை மட்டும் ஓட்டுகிறோம். மின்சாரம் இருக்கும் நேரத்தைப் பொறுத்து. இரவில் வெறும் மேசை விசிறி. மைத்துனரிடமும் கேட்டேன், பின்கட்டுக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்குமாம், பூனை வந்து போவதற்காக.

இன்று மாலை விளக்கேற்றும்போது முதல் குச்சியே பற்றிக்கொண்டது. அம்மா இப்போது கேட்பது ஒரு மண்பானை. மோல்மேன் அத்தை, அடியில் போடும் மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டுமா, எதுவானாலும் சரிதானா?

மறுமொழி 7: மோல்மேன் அத்தை

ஆற்று மணல்தான் நல்லது, உப்பு இருக்காது. மணலையும் காலையில் நனைத்துவிடுங்கள். புதுப் பானையில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கொட்டிய பிறகு குடிக்கக் கொடுங்கள், தம்பி, மண்வாசம் போய்விடும்.